பாய்மரப் படகு: கரையில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டில் இருப்பதில்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் ஒரு சின்னப் பாய்மரப் படகில் இருப்பேன். நாற்பது வயதுக்கு மேல் தொற்றிக்கொண்ட பழக்கம். இதைச் சொன்னதும் சொந்தக்காரர்களும் ஆபீஸ் ஆட்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் காபி ஆறிப்போகிற வரை விளக்குவதற்குப் பதில், எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போகும், சரி. எதிர்க்காற்றில் எப்படிப் போகும்?

நேராக எதிர்த்துப் போக முடியாது. காற்று வரும் திசைக்கு இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி வரை சாதாரணப் படகு நுழைய முடியாத இடம். அதற்குள் மூக்கை விட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். அந்த எல்லையை ஒட்டியே வலப்பக்கம் கொஞ்ச தூரம், இடப்பக்கம் கொஞ்ச தூரம் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஏற்காட்டுக்குப் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற மாதிரிதான். காற்றுக்குக் குறுக்கே மூக்கைத் திருப்பி அடுத்த பக்கம் போவதற்கு டாக் என்று பெயர்.

சரி, சாய்வாக அடிக்கும் காற்று படகைப் பக்கவாட்டில்தானே தள்ள வேண்டும், முன்னால் ஏன் போகிறது? ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். பிதுங்கித் தெறித்து ஓடும். ஒரு விரல் பாயில் படும் காற்று. இன்னொரு விரல் படகுக்கு அடியில் நீரில் இறங்கியிருக்கும் பலகை. பலகை பக்கவாட்டில் நகர மறுக்கிறது, படகு மிச்சமிருக்கும் ஒரே வழியில் பிதுங்கி முன்னே போகிறது. பாயின் வளைவில் காற்று விமான இறக்கையில் ஓடுவதுபோல ஓடுவதும் இதில் சேரும். ஆனால் புளியங்கொட்டை புரிந்துவிட்டால் பாதி புரிந்த மாதிரி.

அடியில் இருக்கும் அந்தப் பலகைதான் கீல் என்பதா?

இரண்டு வகை இருக்கிறது. சின்னப் படகில் மேலிருந்து செருகி, வேண்டும்போது தூக்கிக்கொள்ளும் பலகை. இதை நடுப்பலகை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எடை கிடையாது, பக்கவாட்டு நழுவலைத் தடுப்பது மட்டும்தான் வேலை. இப்படிப்பட்ட படகுகளுக்கு டிங்கி என்று பெயர். பெரிய படகில் ஈயமோ இரும்போ வார்த்து அடியிலேயே நிரந்தரமாகப் பொருத்தியிருப்பார்கள். அது கீல். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட அதுவே இருக்கும். தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்வதற்குக் காரணம் அடியில் இருக்கும் கனம் அல்லவா, அதே கணக்கு.

அப்படியானால் டிங்கி கவிழுமா?

கவிழும். முதல் மாதத்தில் நான் ஓட்டிய நேரமும் நீரில் மிதந்த நேரமும் சரிசமம். நடுப்பலகை மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் பாய் தண்ணீரிலிருந்து மெல்லப் பிரியும், அப்புறம் சட்டென்று நிமிர்ந்துவிடும். பழகினால் ஒரு நிமிட வேலை. பழக்கமே இல்லாதவர் செய்யும் பெரிய தவறு படகை விட்டு நீந்துவது. கவிழ்ந்தாலும் டிங்கி மூழ்காது. அதைப் பிடித்துக்கொண்டு இருப்பவரைத்தான் மீட்புப் படகு சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

தூரத்தில் ஒரு படகைப் பார்த்து என்ன வகை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

முதலில் பாய்மரத்தை எண்ணுங்கள்.

ஒரு மரம், அதன் பின்னால் ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு முன்பாய் என்றால் ஸ்லூப். இன்று உலகில் காணும் சொகுசுப் படகுகளில் பெரும்பாலானவை இதுதான். கயிறு குறைவு, எதிர்க்காற்றில் நன்றாக ஏறும். முன்பாய் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் கட்டர். ஒரே பெரிய முன்பாயோடு மல்லுக்கட்டுவதைவிட இரண்டு சின்னப் பாய் லேசு என்று நீண்ட கடல் போகிறவர்கள் இதை விரும்புவார்கள்.

இரண்டு மரம் இருந்து, பின்மரம் குட்டை என்றால் கெட்ச் அல்லது யால். பின்மரம் சுக்கானுக்கு முன்னால் நின்றால் கெட்ச். சுக்கானுக்கும் பின்னால், ஒட்டவைத்த மாதிரி நின்றால் யால். முன்மரம் பின்மரத்துக்குச் சமமாகவோ குட்டையாகவோ இருந்தால் ஸ்கூனர். அவ்வளவுதான்.

ஏன் இத்தனை வகை என்று கேட்டால், என் பதில் ஒன்றே: படகில் எத்தனை கை இருக்கிறதோ அதற்கேற்பப் பாயைக் கூறு போட்டிருக்கிறார்கள். மொத்தப் பாய்ப் பரப்பு ஒன்றுதான். ஒரே துணியாக வைத்தால் வேகம், ஆனால் புயலில் அதைச் சுருட்ட நாலு ஆள் வேண்டும். இரண்டு மூன்றாகப் பிரித்தால் கொஞ்சம் வேகம் போகும், ஒற்றை ஆளே சமாளிக்கலாம். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969-இல் எங்கும் நிற்காமல், தனியாக உலகைச் சுற்றி முடித்த முதல் மனிதர். அவருடைய ‘சுஹைலி’ ஒரு கெட்ச். பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. பயணம் 312 நாள். மெதுவான படகுதான், ஆனால் அவர் கலந்துகொண்ட ‘கோல்டன் குளோப்’ போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் சுற்றை முடித்தது அது ஒன்றே.

பிற்பாடு கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், சுருட்டுப் பாய் எல்லாம் நன்றாக வந்துவிட்டன. ஒற்றை ஆள் பெரிய ஸ்லூப்பையே ஓட்ட முடிகிறது. அபிலாஷ் டோமி 2013-இல் தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் ஆனது கோவாவில் கட்டிய ‘மாதே’ என்ற 56 அடி ஸ்லூப்பில். அதன் தங்கைப் படகு ‘தாரிணி’யில்தான் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கேரளத்தின் தில்னாவுடன் சேர்ந்து 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். இரண்டே பேர், பாய்மரமோ எட்டு மாடி உயரம்.

சினிமாவில் வரும் கப்பல்களில் குறுக்கே தொங்குமே, சதுரப் பாய்?

அது பின்காற்றுக்கு ராஜா, எதிர்க்காற்றுக்குச் சோம்பேறி. பருவக்காற்றை நம்பி ஒரே திசையில் வாரக்கணக்கில் ஓடுகிற கப்பல்களுக்குப் பொருந்தியது. இன்று பெரும்பாலும் பயிற்சிக் கப்பல்களில்தான் பார்க்கலாம். நம் கடற்படையின் ‘தரங்கிணி’ மூன்று மரம் கொண்ட பார்க் வகை: முதல் இரண்டு மரத்தில் சதுரப் பாய், கடைசி மரத்தில் மட்டும் நீளவாட்டுப் பாய். 1997-இல் சேவைக்கு வந்தது.

இரண்டு மரத்தில் முன்னது சதுரப் பாய், பின்னது நீளவாட்டுப் பாய் என்றால் பிரிகன்டைன். இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைதான் நினைவுக்கு வரும். அங்கே வேப்ப மரத்தில் கட்டிய ‘அன்னபூரணி’ ஒரு பிரிகன்டைன். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி வேறு பெயர் வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

கேட்டமரான் என்பது நம்ம கட்டுமரம்தானே?

சொல் நம்முடையது, படகு வேறு. சோழமண்டலக் கரையில் மரக்கட்டைகளைக் கட்டி மிதக்கவிட்டதைப் பார்த்த ஐரோப்பியர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வில்லியம் டாம்பியர் 1697-இலேயே எழுதியிருக்கிறார். இன்று கேட்டமரான் என்பது இடைவெளி விட்டு இணைத்த இரட்டை உடல் படகு. அந்த யோசனை பசிபிக் தீவுக்காரர்களுடையது. இரண்டும் எங்கோ ஒரு ஆங்கில வாயில் கலந்துவிட்டன.

அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் 1876-இல் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். மற்ற படகுகளையெல்லாம் ஓடவைத்தது. பரிசுக்குப் பதில் தடைதான் கிடைத்தது. ஒற்றை உடல் படகு சாய்வதைத் தடுக்க ஈயத்தைச் சுமக்கிறது. கேட்டமரான் கால்களை அகட்டி நிற்கிறது. அதனால் எடை குறைவு, வேகம் அதிகம், சாப்பாட்டுத் தட்டு மேஜையிலேயே இருக்கும். ஒரு குறை: நடுக்கடலில் தலைகீழாகப் புரண்டுவிட்டால் தானாக நிமிராது.

இத்தனை கயிறு எதற்கு? பார்த்தாலே தலை சுற்றுகிறதே.

எனக்கும் சுற்றியது. எல்லாக் கயிறும் இரண்டே குடும்பம் என்று புரிகிற வரைக்கும்.

முதல் குடும்பம் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி, இரண்டு பக்கமும் பக்கக்கம்பிகள். மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு நாலு பக்கம் இழுத்துக் கட்டுவோமே, அதேதான். இவை எஃகுக் கம்பிகள், ஒரு தடவை முறுக்கிவிட்டால் ஓட்டும்போது யாரும் தொடுவதில்லை. இரண்டாவது குடும்பம் ஓடும் கயிறுகள். பாயை மேலே ஏற்றுவது ஹாலியார்டு. ஏற்றிய பாயை இழுத்தும் விட்டும் காற்றுக்கு ஏற்றபடி வைப்பது ஷீட். கவனியுங்கள், ஷீட் என்றால் துணி இல்லை, கயிறு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாள் இதில்தான் விழுவார்கள்.

நான் ஓட்டுவது லேசர் வகை. பெயர் உரிமைத் தகராறுக்குப் பிறகு 2019 முதல் ஐஎல்சிஏ என்கிறார்கள். இதில் முதல் குடும்பமே கிடையாது. இரண்டு துண்டுக் குழாயை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பாயைத் தலையணை உறை போடுவதுபோல அதன் மேல் நுழைத்து, அப்படியே தூக்கிப் படகின் துளையில் இறக்கினால் பாய்மரம் தயார். காற்றடிக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் அன்றைய உடற்பயிற்சி.

மிச்சம் முக்கியமாக நாலு கயிறு. பெரிய வேலைக்காரன் மெயின் ஷீட்: ஒரு கையில் சுக்கான் கைப்பிடி, இன்னொரு கையில் இதுதான். பாயின் அடிப்பக்கத்தில் படுக்கைவாட்டில் இருப்பது பூம் கம்பு. அது மேலே தூக்காமல் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு வேங். அவுட்ஹால் பாயின் அடிப்பக்கத்தை இழுக்கும். கன்னிங்ஹாம் பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும். காற்று லேசாக இருந்தால் பாய்க்குக் கொஞ்சம் தொந்தி வேண்டும், கடைசி இரண்டையும் தளர்த்துவோம். காற்று பலமானால் இழுத்துத் தொந்தியைக் கரைப்போம். பயந்துபோனால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மெயின் ஷீட்டைக் கைவிட்டுவிடுங்கள். பாய் காற்றோடு போய்ப் படபடக்கும், படகு நிமிர்ந்து நிற்கும். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் மனசைக் கையை விடச் சொல்லிப் பழக்குவதுதான் முதல் மூன்று வாரம்.

தமிழில் இதற்கெல்லாம் பெயர் இல்லையா? எல்லாம் ஆங்கிலமாக இருக்கிறதே.

இருந்தது, இருக்கிறது. பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். ஷீட்டுக்குத் தாமான். பாய் கட்டும் குறுக்குக்கம்பு பருமல். முன்பக்கம் அணியம். சுக்கான் அரபியிலிருந்து வந்தது, ஆனால் எப்போதோ நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. பந்தயப் படகு ஓட்டுகிறவர்கள் இந்தச் சொற்களைப் புழங்குவதில்லை, கடலோரத்துப் பெரியவர்களிடம் கேட்டால் கிடைக்கும்.

சொல் மட்டுமில்லை, வித்தையும் இருக்கிறது. தொண்டிப் பக்கம் பாக் நீரிணையில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். காற்று வரும் பக்கமாக ஒரு பலகையை வெளியே நீட்டி, அதன் நுனியில் ஆட்கள் ஏறித் தொங்கிப் படகைச் சமன் செய்வார்கள். ஒலிம்பிக் படகுகளில் இதையே ட்ரபீஸ் என்று இடுப்பில் கொக்கி மாட்டி, கம்பியில் தொங்கிக்கொண்டு செய்கிறார்கள்.

எந்தப் படகில் கற்றுக்கொள்ளத் தொடங்குவது?

பிள்ளைகள் என்றால் ஆப்டிமிஸ்ட். கிளார்க் மில்ஸ் 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வடிவமைத்தது. ஒட்டுப்பலகையில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் வரைந்ததால் மூக்கு சப்பையாக, குளியல் தொட்டி மாதிரி இருக்கும். நீளம் 2.36 மீட்டர், 35 கிலோ. அழகு இல்லை, ஆனால் பத்து வயதுப் பிள்ளை தனியாக ஓட்டும். பந்தயத்தில் 15 வயது வரைதான்.

பெரியவர்களுக்கு ஐஎல்சிஏ. 4.2 மீட்டர் உடல் ஒன்றுதான், பாய் மட்டும் மூன்று அளவு: 4.7 சதுர மீட்டர், சுமார் 5.7, பிறகு 7-க்குச் சற்று மேல். உங்கள் எடைக்கு ஏற்றதை மாட்டிக்கொள்ளலாம். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்மரப் படகுப் போட்டியில் அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியப் பெண் ஆனது இந்த நடு அளவுப் பாயில்தான். விஷ்ணு சரவணன் பெரிய பாயில் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்.

“நேராகக் கேபின் வைத்த படகிலேயே கற்றுக்கொள்ளலாமே” என்பவர்களுக்கு: கற்றுக்கொள்ளலாம். ஆனால் டிங்கி உங்கள் தவறை அந்த நொடியிலேயே தண்ணீரில் தள்ளிக் காட்டிவிடும். பெரிய படகு நாசூக்காக மறைத்து, கடல் மோசமாக இருக்கும் நாளில் மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும்.

நீச்சல் தெரிய வேண்டுமா?

வேண்டும். உடையோடு ஐம்பது மீட்டராவது. தெரிந்தாலும் மிதவை அங்கி இல்லாமல் ஏறக்கூடாது.

என்னென்ன வாங்க வேண்டும்?

டிங்கிக்கு அதிகம் இல்லை. முதலில் மிதவை அங்கி. டிங்கியில் போடுவது 50 நியூட்டன் வகை (மிதக்கவைக்கும் விசையின் அளவு). நீந்தத் தெரிந்தவருக்கு உதவுவது, உடம்போடு ஒட்டி இருக்கும். ஆழ்கடல் படகில் போடுவது 150 நியூட்டன் வகை. மயங்கிக் கிடந்தாலும் முகத்தை மேலே திருப்பிவிடும் நோக்கில் செய்தது. பைபர் படகுச் சவாரியில் தரும் ஆரஞ்சு நிற அங்கியைப் போட்டுக்கொண்டு பூம் கம்புக்கு அடியில் குனிந்து நுழைவது கஷ்டம்.

அப்புறம் கையுறை, இல்லாவிட்டால் மெயின் ஷீட் உள்ளங்கையை உரித்துவிடும். நனைந்தாலும் கழலாத காலணி. கயிறு போட்டுச் சட்டையில் மாட்டிய தொப்பி. கடலில் விட்ட தொப்பிகளுக்குக் கணக்கு வைக்கவில்லை. முழுக்கைச் சட்டை. தண்ணீர் பாட்டில், அதுவும் கட்டியிருக்க வேண்டும். படகில் கட்டாத பொருள் கரைக்குத் திரும்பாது.

எல்லாவற்றையும்விடச் சின்னதும் முக்கியமானதும் அடைப்பான். படகின் பின்புறத்தில் உள்ளே சேர்ந்த நீரை வடிக்க ஒரு துளை உண்டு, அதை அடைக்கும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் திருகு. ஒரு நாள் பேசிக்கொண்டே கிளம்பினேன். இருபது நிமிடத்தில் படகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. திருப்பினால் மெதுவாகத் திரும்புகிறது, சாய்ந்தால் நிமிர மறுக்கிறது. காற்றைத் திட்டினேன், பாயைத் திட்டினேன். கரைக்கு இழுத்துவந்து சாய்த்தபோது பின்னாலிருந்து குழாயைத் திறந்தமாதிரி தண்ணீர் கொட்டியது. அடைப்பான் என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. உள்ளே நுரைப் பாளங்கள் இருந்ததால்தான் மிதந்து வந்தேன்.

தூரக் கடலுக்குப் போகும் படகில்?

அங்கே பட்டியல் வேறு. விஎச்எஃப் ரேடியோ, அவசரத்துக்குச் சேனல் 16. செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் இடம் சொல்லும் அவசரக் கருவி. உடம்பையும் படகையும் இணைக்கும் வார். தண்ணீர் இறைக்கும் பம்ப். நங்கூரத்துக்குச் சங்கிலி அல்லது கயிறு, ஆழத்தைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டராவது விட வேண்டும், அப்போதுதான் இழுப்பு படுக்கைவாட்டில் விழுந்து நங்கூரம் மண்ணைக் கவ்வும். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

கம்பி வெட்டும் பெரிய கத்தரியை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். பாய்மரம் முறிந்தால் அது எஃகுக் கம்பிகளோடு பக்கத்திலேயே தொங்கி, ஒவ்வொரு அலைக்கும் படகின் உடலை இடிக்கும். வெட்டிவிடாவிட்டால் துளை போட்டுவிடும். 2018-இல் மறுபடி நடந்த கோல்டன் குளோப் போட்டியில், செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் அபிலாஷ் டோமியின் ‘துரியா’வுக்குப் பாய்மரம் முறிந்தது. முதுகில் அடிபட்டு எழ முடியாமல் கிடந்தவரை மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. அவர் அடுத்த போட்டியில் மறுபடி கிளம்பி, 2023-இல் இரண்டாவதாக வந்தார். இதைச் சொன்னால் என் மனைவி கேட்பது: “அவங்க வீட்ல எப்படி விட்டாங்க?”

சென்னையில் எந்த நேரம் நல்லது?

மதியம். நிலம் சூடானதும் கடற்காற்று உள்ளே வரும். சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து வரும் அனல்காற்று அதைத் தடுத்துப் பிடித்தால் ஒரு மணி, இரண்டு மணி வரைகூட இழுக்கும். அதுவரை பாய் கொடியில் காயும் வேட்டி மாதிரி தொங்கும்.

பழைய படகு ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

படகின் உடலைப் பார்த்து மயங்காதீர்கள், பெயின்ட் யாரும் அடித்துவிடலாம். கம்பிகளைப் பாருங்கள். பாய்மரக் கம்பிகளுக்குப் பத்து வருடம் ஒரு பொதுவான ஆயுள். நம் உப்புக்காற்றில் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. கம்பி முனைக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் துருக்கறை இருக்கிறதா, ஒரு இழையாவது பிய்ந்து நிற்கிறதா என்று பழைய துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பிய்ந்த இழை துணியில் மாட்டும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

பாயை நகத்தால் சுரண்டுங்கள். தையல் நூல் பொடியாக உதிர்ந்தால் வெயில் தின்றுவிட்டது. ஆப்டிமிஸ்டுக்கும் ஐஎல்சிஏக்கும் எஃகுக் கம்பி இல்லாததால் இந்தத் தலைவலியே கிடையாது. அவற்றில் நடுப்பலகை செருகும் பெட்டியின் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். படகைத் தூக்கி ஆட்டுங்கள், உள்ளே தண்ணீர் சலசலத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அப்படியே அடைப்பான் கூட வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.